கோச்சைத் தூக்கினால் சரியாகிவிடுமா?

டிஸ்கி: இது விளையாட்டைப் பற்றிய பதிவு மாதிரி தெரியும். ஆனால் ஆபீஸ் போகும் எல்லோரும் படிக்கலாம் :-)

ஆஸ்திரேலியா என்றால் நம் ஆட்களுக்கு கிரிக்கெட்தான். மெல்பர்ன் என்றால் எம்.சி.ஜி., பாக்ஸிங் டே டெஸ்ட். அந்த எம்.சி.ஜி. மைதானம் வருஷத்தில் பாதிக்கு மேல் கிரிக்கெட்டுக்குச் சொந்தமில்லை என்பது, புனேவுக்கு வேலைக்கு வந்து மெல்பர்ன் கிளையன்ட்டுக்கு சப்போர்ட் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அங்கே 'ஃபுட்டி'. அவர்களுடைய குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. திங்கட்கிழமை கால் என்றால் முதல் பத்து நிமிஷம் சனி, ஞாயிறு மேட்சைப் பற்றித்தான் பேச்சு ஓடும். இந்தப் பக்கம் நாங்கள் மியூட்டில் போட்டுவிட்டு டீ குடிப்போம். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது இந்த ஆர்வம்.

பழகிய பிறகு எனக்கு ஜெயிக்கிற டீமை விட, தோற்றுக்கொண்டே இருந்த ஒரு டீம்தான் அதிகம் பிடித்துப்போனது. மெல்பர்ன் ஃபுட்பால் கிளப். செல்லப் பெயர் டீமன்ஸ், நம் பாஷையில் பேய்கள். ஒரு நிறுவனம் எப்படிக் கெட்டுப்போகிறது, எப்படித் திருந்துகிறது என்பதற்கு எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்தையும் விட இந்தக் கிளப்பின் கதை நல்ல பாடம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை இது. மைதானம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டம். ஒரு பக்கம் 18 பேர். பந்து முட்டை வடிவம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 பாயின்ட். பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1 பாயின்ட். 80, 100 என்று ஸ்கோர் போவது சாதாரணம்.

லீகின் பெயர் ஏ.எஃப்.எல். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நம் ஐ.பி.எல். மாதிரி பெரும்பாலான கிளப்புகளுக்கு முதலாளி கிடையாது. சந்தா கட்டும் உறுப்பினர்கள்தான் கிளப். அவர்கள் ஓட்டுப் போட்டு போர்டைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு, இங்கிலாந்து கால்பந்து மாதிரி கடைசியில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுவது கிடையாது. மாறாக, கடைசியில் வந்தவனுக்கு அடுத்த வருஷத்துப் புதுப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். தோற்றவன் மேலே வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தில் போட்ட ரூல் மனிதர்கள் கையில் என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா?

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்த மெல்பர்ன் கிளப் 1858ல் ஆரம்பித்தது. உலகத்திலேயே மிகப் பழைய கால்பந்து கிளப்புகளில் ஒன்று. 1955லிருந்து 1964க்குள் மட்டும் ஆறு சாம்பியன் பட்டம். கோச் நார்ம் ஸ்மித். 1964 செப்டம்பரில் கோப்பை வாங்கிக் கொடுத்த அந்த மனிதரை, ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1965 ஜூலையில் போர்டு வேலையை விட்டுத் தூக்கியது. நேரில் கூப்பிட்டுக்கூடச் சொல்லவில்லை, வீட்டுக்குக் கடிதம் போனது. ஊரே கொதித்தது. சில நாளில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் உடைந்த பானை உடைந்ததுதான். அடுத்த கோப்பைக்கு 57 வருஷம் ஆனது. ரசிகர்கள் இதை 'நார்ம் ஸ்மித் சாபம்' என்பார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. போர்டுக்கும் கோச்சுக்கும் பூசல் வந்தால் போவது கோச் என்ற பழக்கம் அங்கே தொடங்கியது, அவ்வளவுதான்.

நடுவில் ரொம்பக் கதை உண்டு. 1988லும் 2000த்திலும் ஃபைனல் வரை போய் உதை வாங்கியது. 1996ல் ஹாதார்ன் என்ற இன்னொரு கிளப்போடு இணைந்துவிடலாம் என்று மெல்பர்ன் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டார்கள். ஹாதார்ன் ஆட்கள் மாட்டேன் என்றதால்தான் கிளப் பிழைத்தது. இதையெல்லாம் தாண்டி 2008க்குப் போவோம்.

2008ல் கிளப்புக்குச் சுமார் 50 லட்சம் டாலர் கடன். அப்போது பிரசிடென்ட்டாக வந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்திலிருந்து வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, 1991ல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கியவர். தொடர்ந்து 244 மேட்ச் விடாமல் ஆடியவர். 2009ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டே உறுப்பினர்களிடமும் ரசிகர்களிடமும் பணம் திரட்டி 2010 ஆகஸ்டில் கடனை அடைத்தார். 2012 மார்ச்சில் இறந்தார். அந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இல்லாவிட்டால் இன்று இந்தக் கிளப்பே இருந்திருக்காது.

ஆனால் கணக்குப் புத்தகம் சரியான அதே வருஷங்களில்தான் மைதானத்தில் கிளப் அழுகியது. எப்படி?

அப்போது இருந்த ரூல் இதுதான். தொடர்ந்து இரண்டு வருஷம் ஐந்து மேட்சுக்குக் குறைவாக ஜெயித்தால், வழக்கமான டிராஃப்ட் உரிமைக்கு மேல், முதல் சுற்றுக்கு முன்பே ஒரு போனஸ் ஆள். மெல்பர்ன் 2008ல் 3 மேட்ச் ஜெயித்தது. 2009ல் 4. கணக்கு ரொம்பச் சரியாக வந்துவிட்டது பாருங்கள்! ரிச்மண்டுடன் ஒரு மேட்சில் முன்னிலையில் இருந்து, சைரன் ஊதிய பிறகு எதிராளி உதைத்த உதையில் தோற்றார்கள். அந்த மேட்ச்சில் கோச் யாரை எங்கே நிறுத்தினார் என்பதை வைத்துப் பல வருஷம் பேசினார்கள். டிராஃப்டில் முதல் இடம், இரண்டாவது இடம் இரண்டுமே மெல்பர்னுக்கு. டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரென்கோவ் என்று இரண்டு பையன்கள் வந்தார்கள்.

வேண்டுமென்றே தோற்றார்களா? ஏ.எஃப்.எல். விசாரித்து 2013 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. தோற்க வேண்டும் என்று ஆடியதாக நிரூபணம் இல்லை. ஆனால் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம். ஃபுட்பால் மேனேஜராக இருந்த கிறிஸ் கானலிக்கு ஒரு வருஷத் தடை. கோச்சாக இருந்த டீன் பெய்லிக்கு 16 வாரத் தடை. குற்றம் நிரூபணம் இல்லை, ஆனால் தண்டனை உண்டு. நம் ஊர் விசாரணைக் கமிஷன் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதா :-) போர்டில் யாருக்கும் தடை இல்லை.

எனக்கு இதில் முக்கியம் தீர்ப்பு இல்லை. ஒரு டிரெஸ்ஸிங் ரூமுக்கு அது என்ன செய்தது என்பதுதான். இருபது வயதுப் பையன் ஒருவன் உயிரைக் கொடுத்து ஓடுகிறான். ஆனால் இந்த வருஷம் ஜெயிப்பது நமக்கு லாபமில்லை என்ற நினைப்பு மேலே இருப்பதாக அவனுக்கு வாசனை வருகிறது. அதற்குப் பிறகு அவனிடம் 'இனிமேல் ஜெயிக்கலாம்' என்று ஒரு சர்க்குலர் அனுப்பினால் ஜெயித்துவிடுவானா? தோற்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க இரண்டு வருஷம் போதும். மறக்கடிக்கப் பத்து வருஷம் வேண்டும்.

கூடவே இன்னொரு காரியம் செய்தார்கள். பெரியவர்களை வெளியே அனுப்பினார்கள். 2010 கடைசியில் அப்போதைய கேப்டன் ஜேம்ஸ் மெக்டொனால்டை ஓய்வு பெறச் சொல்லிவிட்டார்கள். 2012ல் புதிதாக லீகுக்குள் வந்த ஜி.டபிள்யூ.எஸ். என்ற சிட்னி டீம் அவரைக் கூப்பிட்டு ஆட வைத்தது, பையன்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. மெல்பர்னில் பார்த்துக் கற்றுக்கொள்ள யாரும் இல்லை. 2008 டிராஃப்டின் முதல் ஆள் ஜாக் வாட்ஸை, பள்ளிக்கூடம்கூட முடிக்காத நிலையில், 2009ல் காலிங்வுட்டுக்கு எதிராகக் கூட்டம் நிரம்பி வழியும் அரசி பிறந்தநாள் மேட்சில் இறக்கிவிட்டார்கள். பந்தைத் தொட்டதும் எதிரணி ஆட்கள் கும்பலாக வந்து அமுக்கியது இன்றும் அங்கே எல்லோருக்கும் ஞாபகம். 2012ல் ட்ரென்கோவை இரண்டு கேப்டன்களில் ஒருவராக்கினார்கள். வயது 20. லீக் சரித்திரத்திலேயே இளைய கேப்டன். இதைப் பெருமையாகச் சொன்னார்கள். நான் கேட்பது, இருபது வயதுப் பையன் தலையில் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டிய நிலைக்கு ஒரு 150 வருஷக் கிளப் ஏன் வந்தது?

2011 ஜூலை 30, சனிக்கிழமை. ஜீலாங் ஊரில் ஜீலாங்குடன் மேட்ச். ஜீலாங் 233, மெல்பர்ன் 47. வித்தியாசம் 186. லீக் ஆரம்பித்த 1897லிருந்து அதுவரை நடந்த மேட்சுகளில் இரண்டாவது பெரிய தோல்வி. (முதலாவதும் மெல்பர்ன் வாங்கியதுதான், 1979ல் 190!) இன்றும் அந்த ஊரில் '186' என்று மட்டும் சொன்னால் போதும், மெல்பர்ன் ரசிகர் முகம் சுருங்கிவிடும்.

அந்த வாரம் கிளப்புக்குள் என்ன நடந்தது என்பதுதான் கதையின் உயிர். சி.ஈ.ஓ. கேமரன் ஷ்வாபுக்கும் ஃபுட்பால் பக்கத்து ஆட்களுக்கும் ஒத்துவரவில்லை, சி.ஈ.ஓ.வை அனுப்பிவிடலாமா என்று போர்டே யோசித்துக்கொண்டிருந்தது என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. மேட்ச் முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோச் பெய்லியின் வேலை போனது. சி.ஈ.ஓ. தொடர்ந்தார். 186 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றால் யாரையாவது பலி கொடுத்தாக வேண்டும். யார் மைதானத்துக்குப் பக்கத்தில் நிற்கிறானோ அவன்தான் சுலபமான ஆடு.

பெய்லி கிளம்பும்போது பத்திரிகையாளர்களிடம் பேசினார். முதல் இரண்டு வருஷம் டிராஃப்டில் கிளப்புக்கு நல்ல இடம் கிடைக்கும்படிப் பார்த்துக்கொள்ளத் தான் தயங்கவில்லை என்று சொன்னார். அதாவது, கிளப்பின் நன்மைக்கு என்று எதைச் செய்தாரோ அது கடைசியில் அவர் கணக்கில் மட்டும் எழுதப்பட்டது. தடையும் அவருக்குத்தான். 2014 மார்ச்சில், 47 வயதில், புற்றுநோயில் இறந்துபோனார். சாதுவான மனிதர் என்று அவரோடு ஆடியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்புறம் வந்தவர் மார்க் நீல்ட். கண்டிப்பான வாத்தியார். எதிராளிகள் ஆடவே பயப்படும் டீமாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று சொன்னார். 33 மேட்சில் 5 வெற்றி. 2013ல் இரண்டாவது மேட்சிலேயே எஸ்ஸண்டனிடம் 148 பாயின்ட்டில் தோல்வி. ஏப்ரலில் ஷ்வாப் போனார், ஜூனில் பிரசிடென்ட்டும் நீல்டும் போனார்கள். மென்மையான கோச்சும் தோற்றார், கண்டிப்பான கோச்சும் தோற்றார். அப்படியென்றால் கோளாறு கோச்சில் இல்லை என்று எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான் இல்லையா?

திருப்பம் இங்கேதான். 2013ல் ஏ.எஃப்.எல். நேராகத் தலையிட்டது. எஸ்ஸண்டனில் பல வருஷம் சி.ஈ.ஓ.வாக இருந்த பீட்டர் ஜாக்சனை அழைத்து வந்தார்கள். புது போர்டு அமைந்தது. அதற்குப் பிறகுதான் கோச். சிட்னி டீமுக்கு 72 வருஷம் கழித்து 2005ல் கோப்பை வாங்கித் தந்த பால் ரூஸ். வரிசையைக் கவனியுங்கள். முதலில் மேலே, பிறகு நடுவில், கடைசியில் மைதானம்.

ரூஸ் வந்து அதிசயம் எதுவும் செய்யவில்லை. முதலில் கேவலமாகத் தோற்காமல் இருப்போம் என்றார். தடுத்து ஆடுவதைச் சொல்லிக்கொடுத்தார். 2013ல் 2 வெற்றி, 2014ல் 4, 2015ல் 7, 2016ல் 10. பார்க்க போரடிக்கும் முன்னேற்றம். தனக்கு அடுத்து யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, சைமன் குட்வினைப் பக்கத்தில் வைத்துப் பழக்கி, 2016 முடிந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு தலைவர் தனக்குப் பின்னால் வருபவரைக் கூட வைத்துப் பழக்குவது எத்தனை ஆபீஸில் நடக்கிறது? நான் பார்த்த மேனேஜர்களில் ஒருத்தர்கூட எக்செல் பாஸ்வேர்டைக்கூடச் சொல்லிவிட்டுப் போனதில்லை :-)

உண்மையான பரீட்சை 2019ல் வந்தது. முந்தின வருஷம் அரையிறுதி வரை போன டீம், அந்த வருஷம் 5 வெற்றி, 18 டீமில் 17வது இடம். பழைய மெல்பர்னாக இருந்தால் குட்வின் கதை அன்றே முடிந்திருக்கும். வைத்துக்கொண்டார்கள். சுற்றியிருந்த உதவிக் கோச்சுகளில் மாற்றம் செய்தார்கள். 2021 செப்டம்பர் 25, பெர்த் நகரம். ஃபைனலில் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 140க்கு 66 என்று அடித்துக் கோப்பையை வாங்கினார்கள்.

இதே பாடத்தை ரிச்மண்ட் கிளப்பும் சொல்கிறது. 2010ல் அதன் சி.ஈ.ஓ. பிரெண்டன் கேல், 2020க்குள் மூன்று கோப்பை, 75,000 உறுப்பினர்கள், பூஜ்யம் கடன் என்று திட்டம் போட்டபோது ஊரே சிரித்தது. 2016ல் டீம் 13வது இடம். போர்டைக் கவிழ்க்க ஒரு எதிர்க் கோஷ்டி கிளம்பியது. பிரசிடென்ட் பெகி ஓ'நீலும் கேலும் கோச் டேமியன் ஹார்ட்விக்கை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கே தப்பு என்று உட்கார்ந்து ஆராய்ந்தார்கள், அவரைச் சுற்றி ஆட்களை மாற்றினார்கள். அடுத்த வருஷமே கோப்பை, 37 வருஷம் கழித்து. பிறகு 2019, 2020. மொத்தம் சரியாக மூன்று!

'அப்படியானால் கோச்சை மாற்றவே கூடாதா?' என்று கேட்பீர்கள். மாற்றலாம். சில சமயம் மாற்றித்தான் ஆக வேண்டும். ரூஸும் ஒரு மாற்றுக் கோச்தானே. 'பணமும் லீகின் தயவும் இருந்ததால்தான் மெல்பர்ன் பிழைத்தது' என்றும் சொல்லலாம். அதிலும் உண்மை இருக்கிறது. லீக் கைகொடுக்காவிட்டால் ரூஸ் மாதிரி ஆளை அவர்களால் கூட்டி வந்திருக்க முடியாது. தப்பான ரூலைப் போட்டதும் அதே லீக்தான். 2012ல் அந்த போனஸ் ஃபார்முலாவை அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரே ரூல், ஒரே பணம், ஒரே மைதானம். சில கிளப்புகள் மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் குழிக்குள் விழுகின்றன?

என் பதில் இதுதான். ஒரு கிளப் சரிகிறது என்றால் யார் போகிறார்கள் என்று பார்க்காதீர்கள், யார் தங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் புதிதாக ஒருவர் போய்க்கொண்டே இருந்து, அவர்களை நியமித்தவர்கள் மட்டும் அதே நாற்காலியில் இருந்தால், நோய் நாற்காலியில் இருக்கிறது. ரெவ்யூ மீட்டிங் போட்டால் முதல் கேள்வி 'யார் செய்தது' என்று இருக்கக் கூடாது. 'யார் செய்யச் சொன்னது, யார் தேர்ந்தெடுத்தது' என்று இருக்க வேண்டும். ப்ராஜெக்ட் ஊத்திக்கொண்டால் டீம் லீடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அந்தத் தேதியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு ப்ரமோஷன் கொடுப்பதை இங்கே நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெல்பர்ன் முழுசாகத் திருந்திவிட்டதா என்றால், இல்லை. 2022லும் 2023லும் ஃபைனல்ஸ் சுற்றில் வரிசையாக இரண்டு மேட்ச் தோற்று வெளியேறினார்கள். 2024ல் 14வது இடம். 2025 ஆகஸ்டில், கோப்பை வாங்கிக் கொடுத்த குட்வினையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை போர்டிலும் நிர்வாகத்திலும் ஆள் மாறியிருக்கிறது. மேலேயும் மாறி கீழேயும் மாறினால் பிழைக்க வழி உண்டு. அடுத்த நாலு வருஷத்தில் இன்னும் இரண்டு கோச் மாறி, போர்டு மட்டும் அப்படியே இருந்தால், மறுபடி ஒரு 186க்குத் தயாராக வேண்டியதுதான்.

கொசுறு 1: முதல் இரண்டு இடத்துக்காகத்தானே அவ்வளவு பாடு? ஸ்கல்லி 2011 கடைசியிலேயே ஜி.டபிள்யூ.எஸ்.க்குப் போய்விட்டார். ட்ரென்கோவ் பாதத்தில் காயத்தோடு போராடி, பிறகு வேறு கிளப்புக்குப் போனார். 2021ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர் மேக்ஸ் கான். அவரும் அதே 2009 டிராஃப்டில் வந்தவர்தான். 34வது ஆளாக!

கொசுறு 2: ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கு ஏ.எஃப்.எல். ஒரு மெடல் கொடுக்கிறது. 2021ல் மெல்பர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா வாங்கினார். மெடலின் பெயர் நார்ம் ஸ்மித் மெடல்.